ஹேண்ட் ஷீல்டா, ஆட்டோ ஹெல்மெட்டா? வெல்டிங் பட்டறைக்கு கண்ணு பாதுகாப்புக்கு எதை வாங்கறது

திருச்சி துவாக்குடி பக்கம் சின்னதா ஃபேப்ரிகேஷன் பட்டறை வச்சிருக்கேன், கேட்டு, கிரில்லு, ஷெட் வேலை, அப்பப்ப கம்பெனிங்களுக்கு பிராக்கெட் மாதிரி ஜாப் ஒர்க், என்னையும் சேத்து நாலு பேரு. போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா போன் பண்ணி, பையன் கண்ணைத் தொறக்க முடியாம அழுவுறான்டா, மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குங்கறான், தண்ணி தண்ணியா ஊத்துதுன்னு சொன்னப்ப எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. காலேஜ் லீவுல சும்மா இருக்க வேணாம்னு என்கூட வந்துக்கிட்டிருந்தான். அன்னிக்கு அவன் வெல்டிங் ராடையே தொடல. கேட் ஃபிரேமோட ஒரு மூலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், நான்தான் டேக் வச்சேன், அதாவது நகராம இருக்க அங்கங்க சின்னச் சின்னதா ஒரு பொட்டு வெல்டு, என் கையில மூஞ்சியை மறைக்கிற ஷீல்டு இருந்துச்சு, அவன் கையில ஒண்ணும் இல்ல, தலையைத் திருப்பிக்கடான்னு மட்டும் சொல்லியிருந்தேன். மூணு மணி நேரத்துல ஒரு நாப்பது அம்பது டேக் வச்சிருப்போம்.

அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் இத்தனை வருஷமா கண்ணு விஷயத்துல நான் காசு செலவு பண்ணதெல்லாம் தப்பான எடத்துலன்னு தெரிஞ்சுது. அதனால இப்ப யாராச்சும் எந்த ஷீல்டு நல்லதுன்னு கேட்டா நேரா பதில் சொல்றதில்ல, உங்க பட்டறையில யாரு எப்ப வெளிச்சத்தைப் பாக்குறாங்க, அந்த நேரத்துல அவங்களுக்கு எந்தக் கை சும்மா இருக்குன்னு திருப்பிக் கேக்குறேன். இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா எதை வாங்கறதுங்கிறது பாதி முடிஞ்ச மாதிரிதான்.

முதல்ல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா இது புரியாம கண்ணாடி வாங்கினா கடைக்காரர் சொல்றதைத்தான் நம்பணும். ஆர்க்குல, அதாவது ராடு நுனியில பத்திக்கிற தீயில இருந்து மூணு விதமா வருது. கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம், சூடா உணர்ற இன்ஃப்ரா ரெட், கண்ணுக்குத் தெரியாத அல்ட்ரா வயலட், சுருக்கமா யூவி. இதுல ராத்திரி அழ வைக்கிறது மூணாவதுதான். அலைநீளம் 315 நானோமீட்டருக்குக் கீழ இருக்கிற யூவி பெரும்பாலும் கருவிழியிலயும் அதுக்கு மேல இருக்கிற மெல்லிசான தோல்லயும் நின்னுடும், உள்ள ரொம்பப் போகாது, ஆனா அந்தத் தோல்ல இருக்கிற செல்லுங்களைச் சாகடிச்சிரும். 270 நானோமீட்டர் பக்கத்துலதான் அடி ரொம்ப ஜாஸ்தி. செத்த செல்லு உடனே உதிராது, ஆறுலேருந்து பன்னண்டு மணி நேரம் கழிச்சு உதிரும், அப்ப அடியில இருக்கிற நரம்பு நுனியெல்லாம் வெளிய வந்துடும், கண்ணை மூடித் தொறக்குற ஒவ்வொரு தடவையும் இமை அது மேலயே உரசும். அதான் பட்டறையில ஒண்ணும் தெரியாம வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுத்தப்புறம் ஆரம்பிக்குது. வெளிச்சத்தைப் பாத்தப்ப வலிக்கலையே, அப்ப ஒண்ணும் ஆகலன்னு நெனைக்கிறது எவ்வளவு தப்புன்னு இதுல தெரியும். பொதுவா ஒரு நாள் ரெண்டு நாள்ல புதுத் தோல் வளந்து சரியாயிடும். ஆனா உள்ள விழித்திரை வரைக்கும் போறது கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமும் அதை ஒட்டி இருக்கிற இன்ஃப்ரா ரெட்டும், அங்க அடி பட்டா அது வளந்து வராது. இன்னொண்ணு, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017ல வெல்டிங் புகையையும் வெல்டிங்ல வர்ற யூவியையும் புற்றுநோய் உண்டாக்குற முதல் வகையில சேத்துட்டாங்க, யூவிக்கு அவங்க சொன்னது கண்ணுக்குள்ள வர்ற மெலனோமாங்கிற புற்றுநோய். ஒரு ராத்திரி வலியோட போற விஷயம் இல்ல இது.

இப்ப ஒவ்வொண்ணா பாப்போம். கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு டேக் வைக்கிறவங்களை இன்னும் பாக்குறேன், இதை ஒரே கணக்குல முடிச்சிடலாம். ஷேடு நம்பர்னு கண்ணாடியில போட்டிருக்கிறது எவ்வளவு வெளிச்சத்தை உள்ள விடுதுங்கிற கணக்கு, நம்பர் ஒண்ணு ஏறினா வர்ற வெளிச்சம் முன்னாடி வந்ததுல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் மிச்சம் நிக்கும். ஷேடு 10 கண்ணாடி நூத்துக்கு 0.014 தான் விடும். நல்ல கருப்பு கூலிங் கிளாஸே நூத்துக்கு 15 விடும், ஷேடு 3 கூட வராது. அப்படின்னா ஆயிரம் மடங்கு. அதுவும் பக்கவாட்டுல தொறந்தே கிடக்கு. கேஸ் கட்டிங்குக்கு வச்சிருக்கிற ரவுண்டு கண்ணாடி ஷேடு 5 பக்கத்துல இருக்கும், அது நூத்துக்கு ரெண்டு விடும், கேஸ் வேலைக்கு அது சரி, ஆர்க்குக்கு வச்சா ஷேடு 10ஐ விட 140 மடங்கு வெளிச்சம், அது கண்ணை மட்டும்தான் மூடும்ங்கிறதால மூஞ்சியும் தீஞ்சு தோல் உரியும். சில பேரு ரெண்டு கண்ணாடியை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு சமாளிக்கிறாங்க, அப்படி வச்சா நம்பரைக் கூட்டி ஒண்ணு கழிக்கணும், 5ம் 6ம் சேந்தா 11 இல்ல, 10. அவசரத்துக்கு ஷீல்டுக்குள்ள அப்படி வச்சுக்கலாம், தப்பில்ல.

ஹேண்ட் ஷீல்டு. இதைக் குறைச்சுப் பேச எனக்கு மனசு வராது, நான் தொழில் கத்துக்கிட்டதே இதுலதான். இருநூறு ரூபா பக்கத்துல கிடைச்சிரும், உள்ள போடுற நாலேகால் இஞ்சுக்கு மூணேகால் இஞ்சு கருப்பு கண்ணாடி எந்த ஹார்டுவேர் கடையிலயும் இருக்கும், பேட்டரி கிடையாது, சென்சார் கிடையாது, ரிப்பேர் ஆகுறதுக்கு ஒண்ணுமே இல்ல. நல்ல கண்ணாடி போட்ட ஹேண்ட் ஷீல்டு யூவியைத் தடுக்குறதுல பத்தாயிரம் ரூபா ஹெல்மெட்டுக்கு ஒரு துளி கூட குறைஞ்சது இல்ல. டேபிள் மேல வச்சு நீளமா ஓட்டுற வேலைக்கு, ஒரு கையில ஹோல்டர், ஒரு கையில ஷீல்டு, ஒரு ராடு முழுக்க எரியுற வரைக்கும் நிதானமா போற வேலைக்கு இன்னிக்கும் நான் இதைத்தான் எடுப்பேன், மூஞ்சிக்குக் காத்து வரும், சித்திரை மாசத்துல தகர ஷெட்டுக்குள்ள ஹெல்மெட் மாட்டினவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

ஆனா டேக் வைக்கிறப்பதான் இது கை விட்டுடும். ஒரு கையில ஹோல்டர் இருக்கு, இன்னொரு கையால ஆங்கிளை மட்டத்துக்குப் பிடிக்கணும், ஷீல்டை எங்க வைக்கிறது? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஒரு தட்டு. எல்லாரும் செய்றோம், நானும் இருபது வருஷம் செஞ்சேன். கண்ணை மூடினாலும் மூடுறதுக்கு முன்னாடியே ராடு பத்திக்கிற ஒரு நொடி இருக்கு, ஒரு டேக்குல ஒண்ணும் ஆகாது, அம்பது டேக்குல கூடிப்போகும், யூவி அடி அன்னிக்கு முழுக்கச் சேந்துக்கிட்டே போற விஷயம். ஒரு மீட்டர் தூரத்துல ஷீல்டு இல்லாம ஒருத்தர் நின்னா அவர் கண்ணு தாங்குற அளவு வினாடிக் கணக்குலயே தீந்துபோகும், டேக் ஒண்ணு ஒண்ணரை வினாடின்னு வச்சாலும் கணக்குப் போட்டுப் பாத்துக்கங்க.

தலையில மாட்டுற ஹெட் ஸ்கிரீன், மேல தூக்கி விடுற டைப், இதுல கை ரெண்டும் ஃப்ரீ. ஆனா கண்ணாடி கருப்பாவே இருக்கிறதால எடத்தைப் பாத்து ராடைக் கிட்ட கொண்டுபோய் தலையைச் சட்டுன்னு ஆட்டி ஸ்கிரீனை விழ வச்சு அப்புறம் தட்டணும். பழக்கம் இருக்கிறவங்களுக்குப் பிரச்சனை இல்ல, புதுப் பையனுக்கு ஆட்டுறப்ப ராடு நகந்துபோகும், ரெண்டு தடவை எடம் மாறினா மூணாவது தடவை ஸ்கிரீனைத் தூக்கியே வச்சுக்கிட்டு தட்டிடுவான். நாள் முழுக்க ஆட்டினா கழுத்துக்கும் வலி. டவர் வேலை, உயரத்துல தொங்கிக்கிட்டு பண்ற வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு கை கம்பியைப் பிடிச்சே ஆகணும், அவங்களுக்கு ஹேண்ட் ஷீல்டை விட இது எவ்வளவோ மேல். எங்க மாதிரி பட்டறைக்கு இது நடுவுல மாட்டிக்கிட்ட பொருள்.

ஆர்க் பத்தின உடனே தானா கருப்பாகுற ஆட்டோ ஹெல்மெட்டுக்கு வருவோம், இதைப் பத்திதான் பாதிப் பயம் பாதி ஆசையா எல்லாரும் கேக்குறாங்க. 1981ல ஸ்வீடன்ல ஸ்பீட்கிளாஸ்னு ஒரு கம்பெனி பொருளா வெளிய வந்து இப்ப ஆன்லைன்ல ஆயிரத்தைநூறு ரூபாய்க்குக் கூட கிடைக்குது. கால்குலேட்டர் டிஸ்பிளேல இருக்கிற மாதிரி லிக்விட் கிரிஸ்டல் உள்ள இருக்கு, சும்மா இருக்கிறப்ப ஷேடு 3 இல்ல 4, அதாவது கூலிங் கிளாஸ் மாதிரி எல்லாம் தெரியும், ஆர்க் பத்தின உடனே சென்சார் பாத்து வினாடியில பல ஆயிரத்துல ஒரு பங்குக்குள்ள ஷேடு 9லேருந்து 13க்குள்ள நாம வச்ச நம்பருக்குப் போயிடும்.

பேட்டரி தீந்துட்டா கண்ணு போயிடுமேங்கிறதுதான் எங்க பக்கத்து மேஸ்திரிங்களோட பெரிய பயம், எனக்கும் இருந்துச்சு. யூவியையும் இன்ஃப்ரா ரெட்டையும் தடுக்குறது அந்த லிக்விட் கிரிஸ்டல் இல்ல, அதுக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் கண்ணாடி நிரந்தரமா இருக்கு, அது கரண்ட்டே இல்லாம எப்பவும் வேலை செய்யும். அதனால ஒழுங்கான ஹெல்மெட்ல பேட்டரி செத்து ஷேடு மாறாம போனாலும் மண்ணு போட்ட வலி வராது, ஆனா கண்ணு கூசுற வெளிச்சம் அப்படியே உள்ள வரும், அது விழித்திரைக்கு நல்லதில்ல, நீங்களே உடனே கையை எடுத்துடுவீங்க. ஒழுங்கானதுன்னு எப்படித் தெரியும்னா, கண்ணாடிக் கேட்ரிஜ் மேலயே, அதாவது கண் முன்னாடி இருக்கிற அந்தக் கருப்பாகுற கண்ணாடிப் பெட்டி மேலயே எழுதியிருக்கணும், 4/9-13ன்னு ஷேடு, அப்புறம் 1/1/1/2 மாதிரி நாலு நம்பர், கடைசியில 379ங்கிற எண், அது ஐரோப்பிய ஸ்டாண்டர்டு ஈஎன் 379, புதுசா வர்றதுல அதுக்குப் பதிலா 16321ன்னு இருக்கலாம். அந்த நாலு நம்பர்ல ஒண்ணு நல்லது, மூணு சுமார், கடைசி நம்பர் தலையைச் சாய்ச்சுப் பாக்குறப்ப ஓரத்துல நிறம் எவ்வளவு மாறுதுங்கிறது. பெட்டி மேல மட்டும் போட்டு கேட்ரிஜ் மேல ஒண்ணுமே இல்லன்னா நான் வாங்க மாட்டேன், விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும். கருப்பு கண்ணாடி, ஷீல்டுக்கு நம்ம ஊர் ஐஎஸ் 1179ம் 5983ம் இருக்கு, நம்பரே போடாத சாதாக் கண்ணாடியும் கடையில கலந்து கிடக்கும், கேட்டு வாங்குங்க. கடைக்காரர் லைட்டரைத் தட்டிக் காட்டுவாரு, கருப்பாகுதா பாருன்னு. சென்சார் உயிரோட இருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும், யூவி பத்தி ஒண்ணும் சொல்லாது.

குறை இல்லாம இல்ல. ரெண்டு சென்சார் மட்டும் இருக்கிறதுல, பைப்புக்குப் பின்னாடி கையை விட்டு வெல்டு பண்றப்ப சென்சாருக்கு ஆர்க் தெரியாம மறைஞ்சு திடீர்னு வெளிச்சம் அடிக்கும், குறுகலான எடத்துல வேலை இருந்தா நாலு சென்சார் உள்ளதைப் பாருங்க. குறைஞ்ச ஆம்ப்ஸ்ல டிக் வெல்டிங் (டங்ஸ்டன் ஊசியும் கேஸும் வச்சு பண்றது) பண்றவங்களுக்கு மலிவான ஹெல்மெட் மினுக்கு மினுக்குன்னு அடிக்கும், டிக் செட் வச்சிருக்கிறவங்க இதுல காசு மிச்சம் பண்ணாதீங்க, எஸ்எஸ்ஸும் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) அலுமினியமும் யூவியைத் திருப்பி வேற அடிக்கும், ஹெல்மெட்டுக்குப் பின்பக்கமா கழுத்து வழியா வர்றது உண்டு. அப்புறம் கிரைண்டிங் மோடு. ஹெல்மெட்ல இருக்கிற திருகை கிரைண்டிங்ல வச்சா கண்ணாடி கருப்பாகாது, கிரைண்ட் பண்ணி முடிச்சு மாத்த மறந்துட்டு ராடைத் தட்டினா நேரா மூஞ்சியில அடிக்கும், எங்க பட்டறையில இதுவரைக்கும் ரெண்டு தடவை நடந்திருக்கு. இப்ப கிரைண்டிங்குக்கு ஹெல்மெட்டே வேணாம், தனி கண்ணாடிதான்னு வச்சுட்டோம்.

ஷேடு நம்பர் எவ்வளவு வைக்கிறதுன்னு ஒரு குழப்பம் எல்லாருக்கும் இருக்கு, கருப்பா இருந்தா கண்ணுக்கு நல்லதுன்னு 13 வச்சுக்கிறாங்க. யூவி நல்ல கண்ணாடியில எல்லா நம்பர்லயும் நின்னுடும், நம்பர் வெளிச்சத்துக்கு மட்டும்தான். ரொம்பக் கருப்பா வச்சா உருகுற எடம் தெரியாது, தெரியலன்னா கிட்ட குனிவோம், ஷீல்டை ஓரமா நகத்தி எட்டிப் பாப்போம், அங்கதான் அடி. 12 கேஜ் ராடு, அறுபதுலேருந்து தொண்ணூறு ஆம்ப்ஸ், 10 கேஜ் 130 ஆம்ப்ஸ் வரைக்கும், ரெண்டுக்குமே ஷேடு 10 போதும், 8 கேஜ் ராடு 160ஐத் தாண்டினா 11, 12க்குப் போங்க. நாப்பது வயசு தாண்டினவங்க, எழுத்து படிக்க கண்ணாடி போடுறவங்க, ஷீல்டுக்குள்ளயே மாட்டுற பவர் லென்ஸ் கிடைக்குது, வாங்கிப் போடுங்க. எங்க மூத்த வெல்டர் ஷீல்டுக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டே இருந்ததுக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு நெனைச்சேன், கடைசியில பாத்தா வெள்ளெழுத்து. லென்ஸ் போட்டப்புறம் எட்டிப் பாக்குறது நின்னுபோச்சு.

இந்த நம்பர் விஷயத்துல இன்னொண்ணு. 2019 டிசம்பர் 26ல வளைய சூரிய கிரகணம் நம்ம திருச்சி மேலயே போனுச்சே, அன்னிக்கு காலையில தெருப் பசங்க, பெரியவங்க எல்லாம் வெல்டிங் கண்ணாடி கேட்டு பட்டறைக்கு வந்தாங்க. எங்ககிட்ட இருந்தது 10ம் 11ம். சூரியனைப் பாக்க 12க்குக் கீழ போகக் கூடாது, 14 இருந்தா நல்லது, ஆட்டோ ஹெல்மெட் வழியா பாக்கவே கூடாது. தர முடியாதுன்னு சொல்லி அனுப்பினேன், சில பேருக்குக் கோவம். மறுபடி ஒரு கிரகணம் வர்றப்ப யாராச்சும் உங்ககிட்ட கேட்டா நம்பரைப் பாத்துட்டுக் குடுங்க.

சரி, இதெல்லாம் ராடு பிடிக்கிறவருக்கு. என் அக்கா பையனுக்கு என்ன பதில்? ஷீல்டு வாங்கறவங்க எல்லாரும் வெல்டரைத்தான் நெனைக்கிறாங்க, ஆனா வெல்டருக்கு எப்ப தட்டப்போறோம்னு தெரியும், பிடிச்சுக்கிட்டு நிக்கிறவனுக்குத் தெரியாது. அவனுக்குத்தான் முதல்ல காசு போகணும்னு இப்ப நான் அடிச்சுச் சொல்வேன். அதுக்குப் பெரிய செலவே இல்ல. பாலிகார்பனேட்ல செஞ்ச வெள்ளைக் கண்ணாடி, பக்கவாட்டுல மறைப்போட, நூறு இருநூறு ரூபா. பாலிகார்பனேட் பாக்க கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தாலும் 380 நானோமீட்டருக்குக் கீழ இருக்கிற யூவியைக் கிட்டத்தட்ட முழுசா நிறுத்திடும், நிறம் தேவையே இல்ல. ஆர்க்கை நேராப் பாக்க அது போதாது, வெளிச்சம் அப்படியே வரும், அதனால தலையையும் திருப்பணும். ஆனா தெறிச்சு வர்ற யூவி, பக்கத்து டேபிள்ல அடிக்கிறது, சொல்லாம தட்டினது, இதுக்கெல்லாம் இதுதான் காப்பு. கிரைண்டிங் பொறிக்கும் ஆகும். வெல்டர்கூட ஷீல்டுக்குள்ள இதைப் போட்டுக்கிட்டா ஸ்லாக், அதாவது வெல்டு மேல படியுற ஓட்டைத் தட்டுறப்ப கண்ணு தப்பும். வேர்வையில மங்கலாகும், அது ஒரு தொல்லைதான், ஒரு துணியைப் பாக்கெட்டுல வச்சுக்கச் சொல்லியிருக்கேன்.

அப்புறம் மறைப்பு. தூரம் ரெண்டு மடங்கானா அடி நாலுல ஒண்ணு, மூணு மடங்கானா ஒம்பதுல ஒண்ணு. அதனால சும்மா நிக்கிறவங்களைத் தள்ளி நிக்கச் சொல்றதே பாதி வேலை. எங்க பட்டறை ரோட்டைப் பாத்து இருக்கு, சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்ற பசங்க நின்னு வேடிக்கை பாக்கும், சின்னப் பசங்க கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் பெரியவங்களை விட அதிகமா யூவியை உள்ள விடும், வயசாக வயசாகத்தான் அது மஞ்சளாகி தடுக்க ஆரம்பிக்கும். இத்தனை வருஷமா துரத்தி மட்டும் விட்டிருக்கேன், இப்ப ஆங்கிள்ல ஒரு ஃபிரேம் அடிச்சு, ஆறடி உயரம், தடிப்பான தார்ப்பாய் கட்டி சக்கரம் வச்சு ரோட்டுப் பக்கம் நிறுத்தியாச்சு. வெல்டிங் கர்ட்டன்னே தனியா ஆரஞ்சு கலர்ல விக்கிறாங்க, உள்ள ஆள் இருக்கிறது தெரியும், பெரிய ஷாப்புக்கு அது வசதி. எங்களுக்கு தார்ப்பாய் போதும், பொறி படுற தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வைக்கணும், அவ்வளவுதான்.

கடைசியா நான் வாங்கினது இதுதான்: வெள்ளை பாலிகார்பனேட் கண்ணாடி ஆறு, நாலு எங்களுக்கு, ரெண்டு வர்ற போற கஸ்டமருக்கு, ஏன்னா தன் கேட்டை வந்து பக்கத்துல நின்னு பாக்காதவரு கிடையாது. ஆட்டோ ஹெல்மெட் ரெண்டு, டேக் வைக்கிறவருக்கும் கூடப் பிடிக்கிறவருக்கும், ஆமா, பிடிக்கிறவருக்கும்தான், கண்ணாடி தானா கருப்பாகுறதால அவர் பிடியை விட்டுடாம பாத்துக்கிட்டே நிக்கலாம், மூலை மட்டமும் நல்லா வருது. ஹேண்ட் ஷீல்டு ரெண்டை வச்சுக்கிட்டோம், நீள வேலைக்கு, கண்ணாடியும் முன்னாடி போடுற வெள்ளைக் கண்ணாடியும் புதுசு. ஒரே ஒரு ஆளா தனியா வேலை செய்றவரா இருந்தா ஒரு ஆட்டோ ஹெல்மெட்டும் ஒரு வெள்ளைக் கண்ணாடியும் போதும். கையில ஐநூறு ரூபாதான் இருக்குன்னா ஹெல்மெட்டுக்குக் காத்திருக்காதீங்க, ஹேண்ட் ஷீல்டுக்கு நல்ல ஷேடு 10 கண்ணாடி, ஹெல்ப்பருக்கும் உங்களுக்கும் வெள்ளைக் கண்ணாடி, இன்னிக்கே வாங்கிடுங்க.

இதையும் மீறி அடிச்சிருச்சுன்னா. தாய்ப்பால், உருளைக்கிழங்கு வில்லை, விளக்கெண்ணெய்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, கண்ணு மேல குளிர்ச்சியா ஈரத்துணி வைங்க, உள்ள எதையும் விடாதீங்க, தோல் உரிஞ்சிருக்கிற எடத்துல கிருமி போச்சுன்னா அது வேற கதை. தேய்க்காதீங்க, லைட்டை அணைச்சுடுங்க, காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா கழட்டிடுங்க, காலையில கண் டாக்டர்கிட்ட போங்க. ரொம்ப முக்கியமானது, மெடிக்கல்ல போய் மரத்துப்போற சொட்டு மருந்து வாங்கி விடாதீங்க, விட்ட உடனே சொர்க்கம் மாதிரி இருக்கும், அதனாலயே திரும்பத் திரும்ப விடுவீங்க, அது புதுத் தோல் வளர்றதைத் தடுத்து கருவிழியையே புண்ணாக்கிடும், டாக்டர் பரிசோதனைக்கு ஒரு தடவை விடுறதோட அது நிக்கணும். ஸ்டீராய்டு சொட்டும் டாக்டர் சொல்லாம கூடாது. ஆர்க் அடிச்சா பொதுவா ரெண்டு கண்ணும் சேந்துதான் வலிக்கும். ஒரு கண்ணு மட்டும் வலிச்சா, இல்ல ரெண்டு நாள் ஆகியும் குறையலன்னா, பார்வை மங்கலா இருந்துச்சுன்னா, கிரைண்டிங்ல தெறிச்ச இரும்புத் துகள் உள்ள இருக்கலாம், அன்னிக்கே போய்க் காட்டிடுங்க, இரும்பு உள்ளயே கிடந்தா துரு பிடிக்கும்.